ஆயிரம் சிசி ஸ்போர்ட் டூரிங் பைக் நடைமுறையில் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

கேட்டவர் தேவகோட்டைக்காரர். கவாஸாகியின் நெடுந்தூரப் பயண பைக்கான நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ். பழையது ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், விற்பவர் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கும் என்று மீட்டரையே படம் பிடித்து அனுப்பியிருப்பதாகவும், வீட்டில் அப்பச்சி அதை நம்ப மறுப்பதாகவும் எழுதியிருக்கிறார். அதே வண்டியைக் காரைக்குடியில் வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விற்பவர் பொய் சொல்லவில்லை, அப்பச்சி சந்தேகப்படுவதும் தவறில்லை. அந்த 22 இந்த வண்டியில் வரக்கூடிய எண்தான், ஆனால் டேங்குக்கு டேங்கு வருகிற எண் அன்று.

என் வண்டியில் சாதாரணமாகக் கிடைப்பதைச் சொல்லிவிடுகிறேன். செக்காலை சாலை, கல்லுக்கட்டி, பெரியார் சிலை என்று ஊருக்குள்ளேயே சுற்றினால் 13 அல்லது 14. திருச்சி சாலையில் மணிக்கு 80, 90 என்று சீராகப் போனால் 21-ஐத் தொடும். நூறைத் தாண்டிய வேகத்திலேயே வைத்திருந்தால் 18, 19-க்கு இறங்கும். 120-க்கு மேல் போனால் 16-ஐக் காப்பாற்றுவதே பெரும்பாடு. நான்குவழிச் சாலையிலும் இருசக்கர வாகனத்துக்குச் சட்டப்படி 80தான் உச்சம் என்பதால், வண்டி மிகச் சிக்கனமாக ஓடுவதும் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில்தான் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

வேகம் ஏன் இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று பார்த்தால் மற்றவை தாமாகவே விளங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80-லிருந்து 120-க்குப் போனால் எதிர்ப்பு விசை இரண்டேகால் மடங்காகிறது. அப்படியானால் மைலேஜும் இரண்டேகால் மடங்கு குறைய வேண்டாமா என்று கேட்கலாம். குறைவதில்லை, ஏனென்றால் 80-ல் இந்த எஞ்சின் சிக்கனமாக வேலை செய்வதே இல்லை. 1,043 சிசி, நான்கு சிலிண்டர், 142 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் இது. மனிதரும் பெட்டியும் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டுகிற இந்த வண்டியைச் சமதளத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடவைக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ பத்துக் குதிரைத்திறன்தான். மீதி முழுவதும் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு. எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிய நிலையில் இருப்பதால், அந்தச் சிறு இடுக்கு வழியே காற்றை இழுப்பதற்கே எஞ்சின் தன் பலத்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. நான்கு பிஸ்டன்களின் உராய்வும், டாப் கியரில் நூறில் போகும்போதே நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றை ஒட்டிச் சுழலும் கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதோடு சேர்கின்றன. கல்யாணப் பந்திக்கு மூட்டிய கோட்டை அடுப்பில் இரண்டு பேருக்குக் காப்பி போடுவது போன்றது இது. ஆகவே, மெதுவாகப் போனால் நூறு சிசி வண்டியைப் போல அறுபது கொடுக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினாலும் 80-ல் கிடைப்பதைவிடப் பெரிதாக எதுவும் கூடிவிடாது.

அடுத்தது மீட்டர் காட்டும் சராசரி. அது எஞ்சினுக்குள் செலுத்தப்பட்ட பெட்ரோலைக் கணினி கணக்கிட்டுச் சொல்லும் எண். என் வண்டியில் அது உண்மையைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. தவிர, எந்த இடத்தில் அதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பொறுத்து அது எதை வேண்டுமானாலும் காட்டும். திருமயம் தாண்டி, சாலை திறந்து கிடக்கும் இடத்தில் ரீசெட் செய்துவிட்டுப் புதுக்கோட்டைக்குள் நுழைவதற்கு முன் படம் எடுத்தால் எந்த வண்டியும் சிக்கனமானதுதான்.

நம்பத்தக்கது டேங்கை நிரப்பி மறுபடி நிரப்பும் கணக்கு ஒன்றே. அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். இந்த வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து நிரப்பினால் டேங்கின் ஒரு பக்கத்தில் காற்று தங்கி, அரை லிட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். பத்து லிட்டர் நிரப்புகிற இடத்தில் அரை லிட்டர் என்பது ஐந்து சதவீதப் பிழை. வண்டியின் மேலேயே உட்கார்ந்து, இரு காலையும் ஊன்றி நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குழாயின் துப்பாக்கி முதல் முறை ‘டக்’கென்று நின்றதும் பங்க் ஊழியர் ரூபாயை முழு எண்ணாக்க மறுபடி அழுத்தப் பார்ப்பார், அதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நுரை அடங்கட்டும். டேங்கின் வாய்க்குள் தெரியும் உலோகக் கழுத்தின் அடிவிளிம்பை பெட்ரோல் தொட்டிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அடுத்த முறையும் அதே பங்கில், அதே குழாயில், அதே விளிம்பு வரை நிரப்பினால் போதும். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து முடிவு கட்டாமல், பல தடவை ஓடிய தூரத்தையும் நிரப்பிய லிட்டரையும் தனித்தனியே கூட்டி, அதன் பிறகு வகுக்க வேண்டும்.

இந்தக் கூட்டலில் பலர் சறுக்குவதால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஊருக்குள் நூறு கிலோமீட்டர் ஓட்டி 14 கிடைக்கிறது, நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டி 20 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 17 என்பார்கள். உண்மையில் முதல் நூறுக்கு 7.14 லிட்டர், அடுத்த நூறுக்கு 5 லிட்டர். 200 கிலோமீட்டருக்கு மொத்தம் 12.14 லிட்டர், அதாவது லிட்டருக்கு 16.5-க்கும் ஒரு பிடி குறைவு. ஊருக்குள் ஓடும் தூரம் சராசரியை நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கீழே இழுக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலப்பு 20 சதவீதமானால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். பத்து சதவீதக் கலப்புக்கு ஏற்றபடி அமைக்கப்பட்ட இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்பது நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு. 19 கிடைத்த இடத்தில் முக்கால் கிலோமீட்டர் போகிறது என்று கொள்ளலாம். எரிச்சலூட்டும் குறைவுதான், ஆனாலும் ஆக்சிலரேட்டரை முறுக்கும் வலது கை மணிக்கட்டு செய்கிற சேதத்துக்கு முன்னால் இது சிறியது.

டயரில் காற்று முன்னே 36, பின்னே 42 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அதை வண்டி சூடாவதற்கு முன் காலையிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கப் பெட்டிகளையும் காரைக்குடிக்குள் மாட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. செயினுக்கு எண்ணெய் என்பது மைலேஜுக்காக அல்ல, செயினுக்காக.

மலைப்பாதையைப் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது மீட்டர் காட்டும் எண் வேகமாகச் சரிவது உண்மை. ஆனால் இறங்கும்போது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டால் பெட்ரோல் செலுத்துவதையே கணினி நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. ஆகவே ஏற்றத்தில் விட்டதில் ஒரு பகுதி இறக்கத்தில் திரும்பக் கிடைக்கிறது. சிக்கனம் என்று எண்ணி நியூட்ரலில் இறக்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் வேண்டும்; எஞ்சின் பிரேக்கும் போய்விடும். இரண்டு வகையிலும் நட்டம்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போனால் சாலையெங்கும் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். மூன்றாம் கியருக்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. அன்றைக்கு மைலேஜைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

என் கருத்தில், இந்த வகை வண்டிக்கு லிட்டருக்கு எவ்வளவு என்பதைவிட ஒரு டேங்குக்கு எவ்வளவு தூரம் என்பதே உபயோகமான கேள்வி. டேங்க் 19 லிட்டர். அதில் 15 லிட்டரை மட்டும் கணக்கில் எடுத்து, 18-ஆல் பெருக்கினால் 270 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு தடவை நிரப்பினால் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம். அதற்குள் இடுப்பும் ஒரு ஓய்வு கேட்டிருக்கும்.

நூறு ரூபாய்க்குக் குறையாத பெட்ரோலில் கிலோமீட்டருக்கு ஐந்தரை, ஆறு ரூபாய் ஆகிறது என்று அப்பச்சியிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடையில்தான் என்றால் ஆயிரம் சிசி வேண்டாம் என்பேன். 650 சிசி வகையில் லிட்டருக்கு 22 முதல் 25 வரை கிடைக்கும்; டேங்க் 15 லிட்டரே ஆனாலும் போகும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான்; நிறுத்தத்தில் தொடையில் அடிக்கும் அனலும் குறைவு. மாதம் ஒரு முறையாவது திருச்சியைத் தாண்டிப் போவேன் என்றால் மட்டும் விற்பவரிடம் மீட்டர் படத்தைக் கேட்காமல், பங்க் ரசீதுகளையும் ஓடிய கிலோமீட்டரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இருந்தால் தருவார்.