நாற்பதைத் தாண்டி ஸ்டில்ஸிலிருந்து ஒளிப்பதிவுக்கு: சில கேள்விகள், பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருடம் கல்யாணங்களுக்கு ஸ்டில்ஸ், அதாவது அசையாத புகைப்படம், எடுத்துவிட்டு ஒளிப்பதிவுக்கு வந்தவன் நான். அதே யோசனையில் இருக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சாட்ஸ்வொர்த் வாசகர்: எனக்கு வயது 46. ஸ்டில்ஸ் அனுபவம் உதவுமா அண்ணே, இல்லை முதலிலிருந்தே ஆரம்பிக்கணுமா?

ஃபிரேமும் வெளிச்சமும் உங்களோடு வரும் தம்பி. புதிதாகப் பழக வேண்டியது நேரத்தை. ஸ்டில்லில் தாலி கட்டுகிற அந்த நொடி கிடைத்தால் போதும். வீடியோவில் மாப்பிள்ளையின் கை, பெண்ணின் அம்மா முகம், விழுகிற அட்சதை எல்லாம் எடிட்டிங்கில் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். நல்ல ஃபிரேம் கிடைத்ததும் அடுத்ததற்கு ஓடுவது நம் பழக்கம். அதை விடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் ஐந்து விநாடி கூடுதலாக ஓடட்டும், எடிட்டர் உங்களைக் கும்பிடுவார்.

தமிழ் சினிமா ஒளிப்பதிவாளர் கே.வி. ஆனந்தும் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர்தான். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டுத் தனியாக வந்தார். 1994இல் வெளிவந்த முதல் படத்துக்கே தேசிய விருது. ஆனால் அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை, நம் முழங்காலை அவரோடு ஒப்பிட வேண்டாம்.

டோங்காட் வாசகர்: காவடி எடுக்கும்போது வெயிலுக்காக ஷட்டரை ஏற்றினேன். ஆட்டம் வெட்டி வெட்டித் தெரிகிறது. ஏன்?

ஷட்டர்தான் காரணம், அதாவது ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்குகிற நேரம். விநாடிக்கு 25 ஃபிரேம் (25 படம்) என்றால் ஷட்டர் 1/50 விநாடி. அந்த லேசான மங்கல் இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். இப்போது கணக்குப் பாருங்கள்: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800, லென்ஸ் திறப்பு எஃப்/4 வைத்தால் ஸ்டில்லில் ஷட்டர் சுமார் 1/12,800க்குப் போகும். அதை 1/50க்கு இறக்க வெளிச்சத்தை எட்டு ஸ்டாப் குறைக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். அதற்குத்தான் லென்ஸ் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடி, என்டி ஃபில்டர். சுழற்றிக் கூட்டிக் குறைக்கிற மலிவான வேரியபிள் ஃபில்டரை அதன் கடைசிவரை திருப்பினால் படத்தில் குறுக்கே கறுப்பு விழும், காவிநிறமும் கெடும். தனித்தனி ஃபில்டர்களே நல்லது.

பீனிக்ஸ் வாசகர்: மண்டபத்தில் ட்யூப் லைட் பட்டை பட்டையாக ஓடுகிறதே?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட் அந்தத் தாளத்தில் மினுக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். கேமரா 1/60இல் இருந்திருக்கும். 1/50 அல்லது 1/100க்கு மாற்றுங்கள். மங்க வைத்த எல்இடி மட்டும் அப்போதும் அடம்பிடிக்கலாம், முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி: இருக்கிற கேமராவை விற்று சினிமா கேமரா வாங்கலாமா அண்ணே?

வேண்டாம் தங்கச்சி. கேமராவை வாடகைக்கு எடுக்கலாம். ஃபுளூயிட் ஹெட் (கேமராவை உதறாமல் மெதுவாகத் திருப்ப உதவும் தலைப்பகுதி) வைத்த ட்ரைபாடும் நல்ல மைக்கும் முதலில் வாங்குங்கள். அப்புறம் ஹார்ட் டிஸ்க். 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, அதையும் இரண்டு பிரதி வைக்க வேண்டும்.

வெருலம் வாசகர்: செட்டில் எந்த வேலையில் சேருவது?

இரண்டாம் கேமரா உதவியாளர். கிளாப் அடிப்பது, லென்ஸ் எடுத்துக் கொடுப்பது, பேட்டரி சார்ஜ் போடுவது. இருபத்தைந்து வயதுப் பையன் அதட்டுவான், சரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபோகஸ் பிடிக்கிறவருக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், ஸ்டில்ஸ்காரனுக்குச் சுத்தமாகத் தெரியாத வேலை அதுதான். டர்பனில் ஜூலுத் தொடர்கள் எடுக்கிறார்கள், நாலு வார்த்தை ஜூலு தெரிந்தால் நாள் சுலபமாகப் போகும். வெளிநாட்டு விளம்பரப் படங்கள் கேப் டவுனுக்கு நம் கோடையில், அதாவது டிசம்பர் வாக்கில், வரும். அங்கே வேலை வேண்டுமானால் செப்டம்பரிலேயே சொல்லிவையுங்கள்.