பழைய மோடமும் இன்றைய லினக்ஸும்: வாசகர் கேள்வி பதில்

தொலைபேசிக் கம்பியில் ஓடும் பழைய மோடம்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கணினியைப் பிரித்தபோது பிசிஐ மோடம் கார்டு ஒன்று கிடைத்தது. டெபியன் லினக்ஸில் வேலை செய்யுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கார்டைப் பொருத்திவிட்டு, பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைக் கொடுங்கள். மோடம் ‘சீரியல் கன்ட்ரோலர்’ என்ற வகையில் வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அதற்குச் சொந்தக் கன்ட்ரோலர் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் ஏற்கெனவே உள்ள 8250 சீரியல் டிரைவரே போதும். யுஎஸ் ரோபாட்டிக்ஸ் 5610 இந்த இனம். கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசெக்’ வெளியீட்டில் டிடிஒய்எஸ்4 போன்ற ஒரு போர்ட் பெயரும் 16550ஏ என்ற சிப் குறிப்பும் தென்படும். எதுவும் வராவிட்டால், கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் பூட் வரியில் ‘8250.என்ஆர்_யுஏஆர்டிஎஸ்=8’ என்று சேர்த்துப் பாருங்கள்.

‘கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்’ என்று வந்தால் அது அநேகமாக வின்மோடம். 1990களின் பிற்பகுதியில் விலையைக் குறைப்பதற்காக, சிக்னலைக் கணக்கிடும் வேலையைக் கார்டிலிருந்து எடுத்துக் கணினியின் புராசசர் தலையில் கட்டினார்கள். அந்தக் கணக்கைச் செய்யும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே ஒழுங்காகக் கிடைத்தது. கானக்ஸன்ட் ஹெச்எஸ்எஃப், மோட்டரோலா எஸ்எம்56, ஸ்மார்ட் லிங்க் சிப்புகள் எல்லாம் இந்த வகை. சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர்கள் வந்தன என்பது உண்மைதான். ஆனால் அவை 2.4, 2.6 கர்னல் காலத்தவை. பலவற்றில் மூலநிரல் தராத 32 பிட் பகுதி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கானக்ஸன்ட் சிப்புக்கு லினக்ஸன்ட் தந்த இலவசப் பதிப்பு 14.4 கேபிபிஎஸ் வேகத்தோடு நின்றுவிடும்.

எங்கள் கருத்து இதுதான்: வின்மோடத்துக்காக நாள்கணக்கில் மெனக்கெடாதீர்கள். சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் ஒன்றைத் தேடுங்கள். யுஎஸ்பிதான் வேண்டும் என்றால் யுஎஸ் ரோபாட்டிக்ஸ் 5637 போன்று கன்ட்ரோலர் உள்ளதாகப் பாருங்கள். அது டிடிஒய்ஏசிஎம்0 என்ற பெயரில் தானாகவே வந்து நிற்கும், தனி டிரைவர் தேவையில்லை.

கேள்வி: வெளி மோடத்தை யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் வழியாக உபுண்டு 22.04-இல் இணைத்தேன். மினிகாம் என்ற டெர்மினல் நிரலில், மோடத்தை அழைக்கும் ‘ஏடி’ கட்டளையை அடித்தால் ‘ஓகே’ வருவதில்லை. சில நேரம் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட்டே காணாமல் போகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: போர்ட் காணாமல் போவதிலிருந்து தொடங்குவோம். உங்கள் அடாப்டரில் சிஹெச்340 சிப் இருக்கக்கூடும். பிரெயில் திரைகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற நிரல் அந்தச் சிப்பைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. டிமெசெக்கில் அந்தப் பெயர் தெரிந்தால் இதுதான் காரணம். பிரெயில் திரை பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம்.

இதே வேலையைச் செய்யும் இன்னொன்று ‘மோடம்மேனேஜர்’. மொபைல் டேட்டா டாங்கிள்களுக்காக வந்த இந்தச் சேவை, புதிதாக மாட்டும் போர்ட்டுகளில் தானே கட்டளைகளை அனுப்பிச் சோதிக்கும். மாட்டிய முதல் சில நொடிகளில் திரையில் கண்டபடி எழுத்துகள் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளை கொண்டு நிறுத்தி, மறுபடி தொடங்காதபடி ‘மாஸ்க்’ செய்துவிடுங்கள்.

அடுத்தது அனுமதி. உங்கள் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும் (ஆர்ச் லினக்ஸில் ‘யுயுசிபி’ குழு). குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

பிறகு ‘மினிகாம் -எஸ்’ கொடுத்து சீரியல் அமைப்பைத் திறவுங்கள். வேகம் 115200, 8என்1, ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன், சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆஃப். இதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். மோடத்துக்கு நேர் கேபிள் வேண்டும். இரண்டு கணினிகளை இணைக்கும் நல்-மோடம் கேபிளில் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கும். மலிவான சில அடாப்டர்களில் மூன்றே கம்பிகள்தான். அவற்றில் தரவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இல்லாததால், ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை ஆன் செய்ததும் எல்லாம் உறைந்துவிடும். எஃப்டிடிஐ சிப் உள்ள, ஒன்பது பின்னுக்கும் கம்பி வந்த அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

மோடத்தின் பக்கம் இரண்டு விஷயங்கள். ஸ்போர்ட்ஸ்டர் மாடலின் பின்புறம் சிறு ஸ்விட்சுகள் இருக்கும். எட்டாவது ஸ்விட்ச் ஆஃப் நிலையில் இருந்தால் மோடம் ஏடி கட்டளைகளையே கண்டுகொள்ளாது. இரண்டாவது, பவர் அடாப்டர். பழைய மோடம்களில் பல 9 வோல்ட் ஏசி வெளியீட்டில் ஓடுபவை. பிளக் பொருந்துகிறதே என்று டிசி அடாப்டரை மாட்டாதீர்கள். லேபிளைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஏடிக்கு ‘ஓகே’ வருகிறது. டயல் செய்தால் ‘நோ டயல்டோன்’ என்கிறது. அதே கம்பியில் சாதாரண போன் நன்றாகப் பேசுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ‘ஏடிஎம்2எல்3’ கொடுத்து ஸ்பீக்கரை உரக்க வையுங்கள். பிறகு ‘ஏடிஹெச்1’ கொடுங்கள். ரிசீவரை எடுத்ததற்கு இது சமம். இப்போது ஸ்பீக்கரில் டயல்டோன் கேட்கிறதா?

கேட்கிறது என்றால் மோடம் நலமாக இருக்கிறது. வேறொரு நாட்டு டயல்டோனை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட மோடம் நம் டோனை அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான். ‘ஏடிஎக்ஸ்3’ கொடுத்தால் டோனுக்காகக் காத்திராமல் டயல் செய்யும், எதிர்முனை பிஸியாக இருந்தால் அதையும் சொல்லும்.

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கம்பியைச் சுவர் சாக்கெட்டிலிருந்து நேராக, ‘லைன்’ என்று எழுதிய துளையில் மாட்டுங்கள். ‘போன்’ துளை தொலைபேசிக் கருவிக்கானது. அதிலும் பயனில்லையா? மின்னல் அடித்த மோடமாக இருக்கலாம். கம்பி வழியாக வந்த மின்னெழுச்சி லைன் பக்கத்து உறுப்புகளைச் சுட்டுவிட்டு, கணினிப் பக்கத்தைத் தொடாமல் விட்டிருக்கும். அதனால்தான் ஏடிக்குப் பதில் வருகிறது, கம்பி மட்டும் செத்துக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும் நேரத்தில் மோடத்தின் தொலைபேசிக் கம்பியைக் கழற்றிவைப்பதுதான் நல்ல பாதுகாப்பு.

கேள்வி: வீட்டு லேண்ட்லைன் இப்போது ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிறது. மோடம் கத்துகிறது, இணைகிறது, அரை நிமிடத்தில் ‘நோ கேரியர்’ என்று சொல்லி அறுந்துவிடுகிறது.
– வாசகர், தாம்பரம்

பதில்: அந்தப் பெட்டி உங்கள் குரலைப் பொட்டலங்களாக்கி இணையம் போன்ற வலையில் அனுப்புகிறது. ஒரு பொட்டலம் சற்றுத் தாமதமானாலும் மனிதக் காதுக்குத் தெரியாது. மோடத்துக்கு அது சிக்னலின் தாளம் தப்பியது போல, உடனே தடுமாறும். எதிரொலியை நீக்கும் வசதியும் குறுக்கே வரும். குரலை எண்ணாக்கும் முறை (கோடெக்) ஜி.711 தவிர வேறாக இருந்தால் முயல்வதே வீண்.

வேகத்தைக் குறைத்தால் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். பல மோடம்களில் ‘ஏடி+எம்எஸ்=வி32பி’ என்று கொடுத்தால் 14400-க்கு மேல் முயலாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் பொது இணையச் சேவையைத் தொடங்கியபோது மக்கள் 9.6 கேபிபிஎஸ் வேகத்திலேயே மின்னஞ்சல் பார்த்தார்கள். எழுத்து வேலைக்கு அது போதும்.

கேள்வி: டயல் செய்ய எண்ணே இல்லாதபோது இதெல்லாம் எதற்கு? வீட்டிலேயே இரண்டு கணினிகளை மோடம் வழியாக இணைக்க முடியுமா? 56 கே கிடைக்குமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: முடியும். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30-உடன் டயல்-அப்பை நிறுத்திவிட்டது. இனி இந்தக் கருவிகள் உயிரோடு இருப்பது நாமே இரு முனையையும் அமைத்துக்கொள்வதில்தான். கடைகளில் வைத்திருக்கும் சிறிய இன்டர்காம் பெட்டி பழசாக ஒன்று கிடைத்தால், அதன் இரண்டு எக்ஸ்டென்ஷன்களில் இரு மோடம்களை மாட்டுங்கள். 101-லிருந்து 102-க்கு டயல் செய்தால் மணி அடிக்கும். அதன் டோன் வேறாக இருக்கும் என்பதால் ஏடிஎக்ஸ்3 அவசியம்.

அழைப்பை ஏற்கும் கணினியில், மோடம் இணைப்பை வலை இணைப்பாக்கும் பிபிபிடி நிரல் ஓட வேண்டும். மோடத்தோடு பேசும் அதன் சாட் ஸ்கிரிப்ட் ‘ஏடிஇசட்’ அனுப்பி, ‘ரிங்’ வரும்வரை காத்து, வந்ததும் ‘ஏடிஏ’ அனுப்பி, ‘கனெக்ட்’டுக்காக நிற்க வேண்டும். ரிங்குக்கு முன் டைம்அவுட் 3600 நொடி, பிறகு 90 என்று வையுங்கள். சாட் இயல்பாகக் காத்திருப்பது 45 நொடிதான். மோடம்கள் பேசி உடன்பட அரை நிமிடம் ஆகும், மணி அடிக்கும் நேரத்தையும் கூட்டினால் 45 பற்றாது. பிபிபிடி வரிகள்: போர்ட் பெயர், 115200, சிஆர்டிஎஸ்சிடிஎஸ், மோடம், லாக், நோஆத், பெர்சிஸ்ட், மேக்ஸ்ஃபெயில் 0, பிறகு 192.168.77.1:192.168.77.2 என்ற முகவரி ஜோடி. மேக்ஸ்ஃபெயில் 0 இல்லாவிட்டால் பத்து முறை தோற்றதும் நிரல் நின்றுவிடும்.

அழைக்கும் கணினியிலும் நோஆத் வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே வலையில் இருக்கும் கணினியில், எதிர்முனை தன்னை நிரூபிக்க வேண்டும் என்று பிபிபிடி பிடிவாதம் பிடித்துத் துண்டித்துவிடும். இணையப் போக்குவரத்தை இந்த இணைப்புக்குத் திருப்பும் ‘டிஃபால்ட்ரூட்’ சேர்த்தும் பக்கங்கள் வைஃபை வழியே போனால், வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி இணையுங்கள். இருக்கும் வழியை பிபிபிடி தானாக மாற்றாது.

இன்டர்காம் பெட்டி இல்லையா? 9 வோல்ட் பேட்டரியையும் சுமார் 300 ஓம் ரெசிஸ்டரையும் இரு மோடம்களோடு ஒரே சுற்றில் தொடராக இணைத்து, ஒன்றில் ‘ஏடிஎக்ஸ்1டி’, மற்றதில் ‘ஏடிஏ’ கொடுங்கள். மணி அடிக்காததால் ஏற்கும் பக்க ஸ்கிரிப்ட்டில் ரிங் காத்திருப்பை எடுத்துவிட வேண்டும். அந்தச் சுற்றை உண்மையான தொலைபேசிக் கம்பியோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதில் மணி அடிக்கும்போது வரும் ஏசி மின்னழுத்தம் 75 வோல்ட் அளவுக்கு இருக்கும்.

56 கே கிடைக்காது. உச்சம் 33.6. 56 கே தரும் வி.90 முறை, எதிர்முனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருப்பதை நம்பி உருவானது. எக்ஸ்சேஞ்ச் ஒலியை நொடிக்கு 8000 மாதிரிகளாக எடுக்கிறது. ஒவ்வொன்றிலும் 7 பிட் பயன்பட்டால் 56000. டிஜிட்டல் முனை அந்த எண்களை நேராக அனுப்ப முடியும். இரு பக்கமும் அனலாக் மோடம் என்றால் ஒலியை எண்ணாக்கும் இடத்தில் இரைச்சல் சேர்ந்துவிடும். 33.6 என்பது நொடிக்கு ஏறத்தாழ 4 கிலோபைட். 2 மெகாபைட் இணையப் பக்கம் திறக்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்ஹெச், மின்னஞ்சல், சிறு கோப்புகளுக்கு இனிமையாகவே இருக்கும்.

கேள்வி: இதே மோடத்தில் ஃபேக்ஸ் அனுப்பலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘ஏடி+எஃப்கிளாஸ்=?’ கேளுங்கள். பதிலில் 1 அல்லது 2 இருந்தால் அனுப்பலாம். ஒற்றைக் கணினிக்கு ‘ஈஃபேக்ஸ்’ போதும், அலுவலகம் முழுவதற்கும் என்றால் ‘ஹைலாஃபேக்ஸ்’. ஃபைபர் லைனில் பக்கம் பாதியில் அறுந்தால் வேகத்தை 9600-க்கு இறக்குங்கள்.