வைத்த காய்

ஐயா, வணக்கம்.

பர்மாவின் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். வயது 26. டர்ன் பேஸ்டு கேம், அதாவது சதுரங்கம் மாதிரி மாறி மாறி நகர்த்தும் கம்ப்யூட்டர் ஆட்டம் என்றால் எனக்கு உயிர். சிவிலைசேஷன் 6, எக்ஸ்காம் 2 இரண்டையும் பலமுறை ஆடி முடித்துவிட்டேன். அடுத்து ஆட ஐந்து கேம் சொல்லுங்கள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் ஒன்றிரண்டாவது போனில் ஆடக்கூடியதாக இருந்தால் நல்லது. எக்ஸ்காமில் தூரத்திலிருந்து சுடும் என் ஸ்னைப்பருக்கு மலேசியாவில் வேலை பார்க்கும் அக்காவின் பெயரை வைத்திருக்கிறேன். அவளுக்கு அடிபட்டால் உடனே, முன்பு சேவ் செய்து வைத்த இடத்தை லோட் செய்து அடிபடுவதற்கு முன்னால் போய்விடுவேன். இதுவரை அவள் ஒருமுறைகூடச் சாகவில்லை. நண்பர்கள் எல்லாம் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற வேகமான போன் ஆட்டத்தை ஆடுகிறார்கள், என்னுடையது கிழவர் ஆட்டம் என்று கேலி செய்கிறார்கள். இந்த வயதில் கேம் ஆடுவது வீண் என்கிறார் அப்பா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., மோல்மேன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசை மேல் தாத்தாவின் சிட்டுயின் காய்கள், அதாவது பர்மியச் சதுரங்கக் காய்கள் கிடந்தன. மழைக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்யும்போது அகப்பட்டவை. ஒரு குதிரை எப்போதோ தொலைந்துபோய், அதற்குப் பதிலாக நூல்கண்டின் வெறும் கட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு நாளாக அந்தக் காய்களைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

அப்பா சொன்னதற்குச் சண்டை போடாதீர்கள். வேலையை ஒழுங்காகப் பார்த்தால் அவரே விட்டுவிடுவார். நண்பர்கள் கேலி செய்வதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை விட மாட்டேன். 'ஒருமுறைகூடச் சாகவில்லை' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அவள் பலமுறை செத்திருக்கிறாள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

டர்ன் பேஸ்டு ஆட்டம் உங்களுக்கு என்ன தருகிறது என்று யோசித்தீர்களா? நீங்கள் காயை எடுத்து வைக்கும்வரை எதிரி காத்திருக்கிறான். எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம், மோஹிங்கா சாப்பிடலாம், தூங்கி எழுந்தும் வரலாம். அவன் அப்படியே நிற்பான். உங்கள் நண்பர்கள் ஆடும் ஆட்டத்தில் இரண்டு நொடிக்குக்கூட யாரும் நிற்க மாட்டார்கள். இப்படி அளவில்லாத நேரத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆட்டம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது: வைத்தால் வைத்ததுதான். அதையும் கொடுக்க மாட்டேன் என்றால் யோசிப்பதற்கே வேலை இல்லாமல் போகிறது. எதற்கு யோசிக்க வேண்டும், சுட்டுப் பார்த்துவிட்டு லோட் செய்யலாமே!

2012-ல் வந்த எக்ஸ்காம் எனிமி அன்னோனை ஆடிப் பாருங்கள். பழைய சேவுக்குப் போய் அதே ஆளை வைத்து அதே குண்டை மறுபடி சுட்டால் அதே விடைதான் வரும். பகடையை உருட்டி வைத்துவிட்டுத்தான் உங்களைச் சுடச் சொல்கிறது. செய்தவர்கள் நம் கையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கரண்ட் போய் ஆட்டம் அறுந்தால் லோட் செய்வதை நான் சொல்லவில்லை. ரங்கூனில் எங்கள் தெருவில் 'மீ லா பீ', கரண்ட் வந்தாச்சு, என்று பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டால்தான் நானும் கம்ப்யூட்டர் பக்கம் போகிறேன். அது வேறு. அடிபட்டதும் பின்னால் ஓடுவதைத்தான் சொல்கிறேன்.

1964-ல் சொந்தக்காரர்கள் எல்லாரும் கப்பலேறி மதராஸுக்குப் போனபோது தாத்தா போகவில்லை. அவரோடு தினமும் சிட்டுயின் ஆடியவர் எதிர்வீட்டு பர்மியப் பெரியவர். தாத்தா அவரை 'சயா', அதாவது வாத்தியார் என்பார், நானும் அப்படியே கூப்பிட்டேன். சிட்டுயின் என்ற பெயரே சதுரங்கத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது சிப்பாய்கள் மட்டும்தான் கட்டத்தில் நிற்பார்கள். இடப்பக்கம் நான்கு பேர் மூன்றாம் வரிசையில், வலப்பக்கம் நான்கு பேர் நான்காம் வரிசையில். ராஜா, சிட்கே என்ற தளபதி, தேர், யானை, குதிரை எல்லாவற்றையும் சிப்பாய்களுக்குப் பின்னால் நாமே யோசித்து நிறுத்த வேண்டும். சிவப்புக்காரர் முதலில் நிறுத்துவார், அதைப் பார்த்துக் கறுப்புக்காரர் நிறுத்துவார். அப்பாயி தரையில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்த ஆடுபுலியும் இப்படித்தான், பதினைந்து ஆட்டையும் வைத்து முடித்த பிறகே ஒரு ஆடு நகரலாம். நிறுத்துவதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

எனக்குப் பத்து வயதில் ஒருநாள் சயாவோடு ஆடினேன். யானையைத் தவறாக வைத்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார். இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில் நான் ஜெயித்தேன். சயா ஒன்றும் சொல்லவில்லை, காய்களைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தாத்தா பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க என்னோடு அவர் ஆடவே இல்லை. டீக்கடைப் பெஞ்சில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் தலையைத் தடவுவார், பிஸ்கட் வாங்கித் தருவார், பலகையை மட்டும் எடுக்க மாட்டார். நான் அழுதிருக்கிறேன்.

மழை முடிந்து தடிங்ஜுட் விளக்குத் திருவிழா வந்தது. பெரியவர்களைக் கும்பிட்டு வா என்று அப்பாயி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள். சயாவின் காலில் விழுந்து எழுந்தேன். உள்ளே போய்ப் பலகையைக் கொண்டுவந்தார். அன்று பதினைந்து நிமிடத்தில் தோற்றேன். ஒரு காயைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை. எந்தக் காயை எங்கே நிறுத்தியதால் தோற்றேன் என்று இன்றைக்கும் என்னால் வைத்துக் காட்ட முடியும். மழைக்காலத்துக்கு முன்னால் ஜெயித்தேனே, அந்த ஆட்டம் ஒரு கட்டம்கூட நினைவில் இல்லை.

சரி, கேம் கேட்டிருந்தீர்கள். ஐந்து எல்லாம் வேண்டாம், ஒன்றை ஒழுங்காக ஆடுங்கள். இன்டு தி ப்ரீச், 2018-ல் வந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டம், நம் பலகை மாதிரியேதான். உங்களிடம் மூன்றே இயந்திரங்கள். எதிரி அடுத்து யாரை எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். ஒருவனைத் தள்ளி இன்னொருவன் அடியை அவன் மேல் விழவைப்பதுதான் வேலை. தோற்றால் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட இடம் மிகக் குறைவு. ஒரு சண்டைக்கு ஒரே ஒரு தடவை மட்டும் சுற்றைத் திரும்ப ஆட விடும். அந்த ஒன்றைக் கடைசிவரை கையில் வைத்திருக்கப் பழகுங்கள். எல்லாம் போனாலும் இயந்திரம் ஓட்டுபவர்களில் ஒருவரை மட்டும் அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிப் போகலாம். அக்காவின் பெயரை நினைத்துக்கொள்ள அதுவும் நல்ல இடம்.

அதை ஒழுங்காக ஆடிய பிறகு வேறு வேண்டுமென்றால், பேட்டில் ஃபார் வெஸ்னாத் காசில்லாமல் கிடைக்கும், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பகலில் சிலருக்குப் பலம் 25 சதவீதம் கூடும், இரவில் அவர்களுக்கே அவ்வளவு குறையும். விடியும்வரை பின்வாங்கக் கற்றுக்கொள்வீர்கள். போனுக்கு யுனிசிவ், அதுவும் இலவசம், சிவிலைசேஷன் 5-ன் சாயலில் செய்தது. முப்பது சுற்றில் ஒரு ஆட்டம் முடிய வேண்டுமென்றால் பொலிடோப்பியா.

எக்ஸ்காம் 2-ஐ அழித்துவிடாதீர்கள். அக்காவின் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் யாரோ ஒருவர் எப்போதும் தூரத்தில்தான் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று விரல் தானாக லோட் பட்டனுக்குப் போகிறது. அந்த விரலை நான் திட்டவில்லை. புதிய ஆட்டம் தொடங்கி அயர்ன்மேன் என்ற முறையைப் போடுங்கள், அதில் ஒரே சேவ்தான், பின்னால் போக முடியாது. பெயரை மாற்ற வேண்டாம். அவளை எந்தக் கூரையில் நிறுத்துவது, முழு மறைவு எங்கே இருக்கிறது, பக்கவாட்டில் யார் வருவான் என்று இதுவரை யோசிக்காத அளவுக்கு உட்கார்ந்து யோசியுங்கள். எத்தனை சண்டை தாக்குப்பிடித்தாள் என்று எனக்கு எழுதுங்கள். விழுந்துவிட்டாலும் எழுதுங்கள். ஆனால் அன்றைக்கு முதலில் மலேசியாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு.

அன்புடன்.