பெரிய டர்போ: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த 150 குதிரைத்திறனை 240 ஆக்க ஆசை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கு மட்டும்தான். ஆடி எஸ்3 காரில் வந்த கே04 டர்போ செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வாங்கலாமா? கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும்?
(கோவை வாசகர்)

பதில்: வாங்கலாம், ஆனால் கடைசியாக. முதலில் எஞ்சினின் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை) அளந்து பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லாவிட்டால் பணத்தை எஞ்சின் வேலைக்கு ஒதுக்குங்கள். டர்போ பேச்சே வேண்டாம்.

டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி; அதன் அளவைப் பொறுத்தவரை உங்கள் தேர்வு சரி. 240 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று தேவை. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நன்றாக இருந்தால் 1.8 லிட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் 1.1 பார் பூஸ்டிலேயே (டர்போ கூட்டும் காற்றழுத்தத்திலேயே) அதை உள்ளே இழுத்துவிடும். இப்போது இருக்கும் கே03 வகை டர்போவுக்கு அவ்வளவு கொள்ளளவு கிடையாது. அதையே விரட்டினால், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் திறன் சரிந்து காற்று சூடாகும். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில், 70 சதவீதத் திறனில் ஓடும் கம்ப்ரஸர் காற்றைச் சுமார் 145 டிகிரியில் தள்ளும். 60 சதவீதத்துக்கு இறங்கினால் 165. அந்த 20 டிகிரி வித்தியாசம்தான் நாக்கிங்காக (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பதாக) வந்து பிஸ்டனை அடிக்கும்.

எஸ்3 டர்போவின் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) உங்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உட்காராது. எனவே எஸ்3 மேனிஃபோல்டு, டவுன்பைப், ஆயில் மற்றும் தண்ணீர் பைப்புகள், டர்போவுக்குக் காற்று வரும் பெரிய குழாய், ஸ்டட், கேஸ்கட் எல்லாவற்றையும் ஒரே செட்டாகப் பேசி வாங்குங்கள். தனித்தனியாகத் தேடினால் செலவு கூடும், வண்டியும் ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கும்.

அடுத்து பெட்ரோல். பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 250 கிராம் என்று வைத்தால் 240க்கு 60 கிலோ; அதாவது நிமிடத்துக்குச் சுமார் 1,350 மி.லி. பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 338. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 400 மி.லி. அளவு வேண்டும். பெட்ரோல் பங்கில் கிடைப்பது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்றால் இன்னும் 8 சதவீதம் சேருங்கள், 430 ஆகிவிடும். எஸ்3 இன்ஜெக்டர் 3 பார் அழுத்தத்தில் 386தான் தரும். அதோடு பெட்ரோல் அழுத்தத்தை நிர்ணயிக்கும் 4 பார் ரெகுலேட்டர் போட்டால் 445 கிடைக்கும், போதும். ஆனால் பூஸ்ட் ஏறும்போது ரெகுலேட்டரும் அழுத்தத்தைக் கூட்டும். ஆகவே 5 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் மணிக்கு 90 லிட்டராவது தரும் பம்ப் டேங்குக்குள் இருக்க வேண்டும். பழைய பம்ப்பை நம்பாதீர்கள். உயர் சுற்றில் அழுத்தம் விழுந்தால் கலவை பெட்ரோல் குறைந்து, சில நொடிகளிலேயே பிஸ்டன் உருகும்.

காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் குழாயும் எஸ்3 அளவுக்கு மாற வேண்டும். சின்னக் குழாயில் சென்சார் தன் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வரும் காற்று ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) தெரியாது. குழாயை மட்டும் மாற்றிவிட்டு ஈசியூ ஃபைலை (அதில் இருக்கும் ட்யூனிங் மென்பொருளை) மாற்றாமல் ஓட்டினாலும் அதே ஆபத்து. ஃபெண்டருக்குள் இருக்கும் சின்ன இன்டர்கூலரை எடுத்துவிட்டு முன்பக்கம் பெரியதாக ஒன்று வையுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ச்சியானது, இடைவெளி 0.7 மி.மீ. இடைவெளி அதிகமானால் பூஸ்டில் தீப்பொறி அணைந்து வண்டி திக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. இந்த எஞ்சினில் ராடை வளைப்பது குதிரைத்திறன் அல்ல, 3,000 சுற்றுக்கு அருகே திடீரென்று எகிறும் டார்க் (சுழற்று விசை). 400 நியூட்டன் மீட்டரை நெருங்கினால் கம்பெனி ராடு வளையும். ட்யூனரிடம் 320க்குள் நிறுத்தி, பூஸ்டை 4,000 சுற்று வரை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். "கீழேயே நல்லா இழுக்கணும்" என்று கேட்டு வாங்கும் ஃபைல்தான் எஞ்சினைப் பிளக்கிறது. பழைய கிளட்ச் 320ஐத் தாங்காமல் வழுக்கலாம். அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு ட்யூன் செய்துவிட்டு 91 ஊற்றி ஓட்டாதீர்கள்.

கேள்வி: புது டர்போ மாட்டியதும் நீலப் புகை வருகிறது. டர்போவே போய்விட்டதா?
(சேலம் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் ஆயில் திரும்பி வரும் வழிதான் காரணம். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. அழுத்தம் எதுவும் அதைத் தள்ளுவதில்லை. பைப் எங்காவது மேல்நோக்கி வளைந்தாலோ, நசுங்கினாலோ, சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தாலோ ஆயில் தேங்கி சீல் வழியாகக் கசியும். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் கிராங்க்கேஸ் பிரீதர் அடைத்திருந்தாலும் இதே கதை. பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் வரும் பக்கம் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். சாதாரண பேரிங் டர்போவுக்கு அதைப் போட்டால் ஆயில் பட்டினியில் ஷாஃப்ட் தேயும்.

ஆயில் ஃபிளாஞ்சில் சிலிகான் பேஸ்ட் தடவாதீர்கள். பிதுங்கிய துணுக்கு ஒன்று போதும், வழியை அடைக்க.

கேள்வி: டர்போ மாட்டிய பின் முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?
(ஓசூர் வாசகர்)

பதில்: ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயிலை ஊற்றி, டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பைப்பை மாட்டுங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை 10 நொடி 10 நொடியாக ஸ்டார்டரைச் சுற்றுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு, சில நிமிடம் ஐடிலில் மட்டும் ஓடவிட்டுக் கசிவைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது.

கேள்வி: இந்த மாதிரி மாற்றிய காரைச் சாலையில் ஓட்டலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கவும் வாய்ப்பு உண்டு. டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு போங்கள்.