மருத்துவர் பதில்கள்: ஆறாத புண்ணும் ஒளி சிகிச்சையும்

கேள்வி: என் மாமனாருக்கு 66 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் சுற்றி வந்தபோது உள்ளங்காலில் கொப்புளம் எழுந்து, உடைந்து, ஒன்றரை மாதமாகியும் ஆறாத புண்ணாக நிற்கிறது. நடக்கும்போது சுட்டதே தெரியவில்லை என்கிறார். உறவினர் ஒருவர் சிவப்பு ஒளி தரும் சிறிய எல்.இ.டி. கருவியை வாங்கித் தந்து, இதைக் காட்டினால் மாத்திரையும் டிரெஸ்ஸிங்கும் வேண்டாம் என்கிறார். நம்பலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கருவியை எடுத்து வைத்துவிட்டு, நாளையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சுட்டதே தெரியவில்லை என்று தாங்கள் எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. நீரிழிவால் கால் நரம்புகள் உணர்விழந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். வலி தெரியாததால் அவர் அந்தப் புண்ணின் மீதே ஊன்றி நடந்துகொண்டிருப்பார். அந்த அழுத்தத்தை நீக்காதவரை எந்த ஒளியாலும் அதை ஆற்ற முடியாது.

சிவப்பு ஒளி சிகிச்சை வெறும் கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. 1960களில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், சவரம் செய்த எலிகளின் தோலில் மிகக் குறைந்த திறனுள்ள லேசரைச் செலுத்தியபோது அங்கே முடி விரைவாக வளர்வதைக் கண்டார். பின்னர் அதையே ஆறாத புண்களிலும் பயன்படுத்திப் பார்த்தார். ஏறத்தாழ 600 முதல் 1,000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியை உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி உறிஞ்சிக்கொள்வதால் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பதே இதற்குப் பரவலாகக் கூறப்படும் விளக்கம். புற்றுநோய் சிகிச்சை பெறுவோருக்கு வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இம்முறை இன்று பரிந்துரைக்கப்படுகிறது. நீரிழிவுப் புண்ணிலும் நம்பிக்கையூட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பல சிறியவை, ஒவ்வொன்றிலும் ஒளியின் அளவு வேறு. அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் ஆறுவதே தடைபடலாம் என்பதால், எவ்வளவு ஒளி தருகிறது என்பதைக் கூடச் சொல்லாத கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மருத்துவர் முதலில் பாதத்தின் நாடித் துடிப்பையும், தேவைப்பட்டால் டாப்ளர் என்ற ஒலியலைப் பரிசோதனை மூலம் இரத்த ஓட்டத்தையும் பார்ப்பார். எலும்பு வரை கிருமி இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார். செத்த சதையை அகற்றி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, எடை அந்த இடத்தில் விழாதபடி தனிக் காலணியோ மாவுக்கட்டோ தருவார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. இவையெல்லாம் நடக்கும்போது, கூடுதல் உதவியாக ஒளி சிகிச்சை தரலாம் என்று அந்த மருத்துவர் கருதினால் எனக்கு மறுப்பில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்ன உறவினரிடம் மட்டும் சற்றுக் கண்டிப்பாகவே பேசுங்கள். பாதம் சிவந்து வீங்கினாலோ, துர்நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: புண்ணைக் காலை வெயிலில் காட்டினால் கிருமி சாகும் என்று என் பாட்டி சொல்கிறார். உண்மையா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: பாட்டியின் கருத்துக்கு ஒரு நோபல் பரிசே துணை நிற்கிறது. டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென், தோலில் வரும் காசநோய்க்கு முதலில் சூரிய ஒளியையும் பிறகு கார்பன் வில் விளக்கின் ஒளியையும் லென்சுகளால் குவித்துச் சிகிச்சை அளித்து, 1903இல் அப்பரிசைப் பெற்றார். ஆனால் அவர் செலுத்தியது குவிக்கப்பட்ட கடுமையான ஒளி; மொட்டை மாடியில் விழும் இளவெயில் அந்த வேலையைச் செய்யாது. அவ்வளவு ஏன், ஆன்டிபயாடிக் வந்த பிறகு அந்நோய்க்கே அவர் முறை தேவையற்றதாகிவிட்டது. சென்னைத் தெருவில் திறந்த புண்ணைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தூசியும் ஈயும்தான் சேரும். மூடியே வையுங்கள்.

கேள்வி: முகப்பருவுக்கு நீல ஒளி முகமூடி வாங்கலாமா?
- கல்லூரி மாணவி, வேளச்சேரி

பதில்: பருவை உண்டாக்குவதில் பங்குள்ள பாக்டீரியா, பார்ஃபைரின் என்ற பொருளைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சுமார் 415 நானோமீட்டர் நீல ஒளி பட்டதும் அப்பொருள் வீரியமிக்க ஆக்சிஜனை வெளிவிட்டு, தன்னை உருவாக்கிய கிருமியையே கொல்கிறது. எனவே லேசான, சிவந்த பருக்களுக்கு ஓரளவு பலன் கிடைக்கலாம். கரும்புள்ளிக்கும் ஆழமான கட்டிக்கும் எதிர்பார்க்க வேண்டாம். நம்மவர் நிறத் தோலில் நீல ஒளி கருமையை விட்டுச் செல்லக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பருவுக்காக டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிட்டு வந்தால், அது தோலை ஒளிக்குக் கூருணர்வு கொண்டதாக்கும் மருந்து என்பதால், அதை எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் முகமூடியை அணியாதீர்கள்.