கியோட்டோவில் ஒரு ரியோகான் இரவு: முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குச் சரிப்படுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏப்ரல் முதல் வாரம் கியோட்டோவில் ஐந்து இரவு தங்கப் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. முட்டைகூடத் தொடாத சைவம். மகளோ, ரியோகான் எனும் பாய் விரித்த ஜப்பானிய விடுதியில்தான் தங்க வேண்டும் என்கிறாள். ஒரே ரியோகானைப் பற்றி ஒருவர் 'வாழ்நாள் அனுபவம்' என்று எழுதுகிறார், இன்னொருவர் 'காசு பிடித்த கேடு' என்கிறார். யாரை நம்புவது? ஹோட்டலா, ரியோகானா? எந்தப் பகுதியில் எடுப்பது?"

இரண்டு பேரையுமே நம்பலாம். முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: நான்கு இரவு ஹோட்டல், ஒரு இரவு ரியோகான். அந்த ஒரு இரவும் வார நாளாக இருக்கட்டும், இரவு உணவு சேராத திட்டமாக இருக்கட்டும்.

ரியோகானைப் பாய் போட்ட ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் பெரும்பாலும் திட்டி எழுதுகிறார்கள். ஹோட்டல் அறையை விற்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் நீங்கள் எப்போது வந்தீர்கள், போனீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ரியோகான் விற்பது ஒரு மாலையையும் ஒரு காலையையும். மூன்று, நான்கு மணிக்கு வந்து சேர வேண்டும். வாசலிலேயே செருப்பு கழன்றுவிடும். அறைக்குப் போனதும் பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வரும். நக்காய் எனப்படும் பணிப்பெண் மண்டியிட்டு உட்கார்ந்து, இரவு உணவு ஆறு மணிக்கா, ஆறரைக்கா என்று கேட்பார். எட்டரைக்கு என்று சொல்ல முடியாது. பத்துக்கும் குறையாத சிறு சிறு பாத்திரங்களில், ஒன்று முடிய ஒன்றாக, கைசெக்கி விருந்து வரும். நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் மேசையை ஓரம் தள்ளிவிட்டு ஃபுதோன் மெத்தையை விரித்துவிடுவார்கள். காலையில் அதைச் சுருட்டி எடுக்க மறுபடி வருவார்கள். பத்து, பதினோரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

பகலெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் போய் நிற்பவருக்கு என்ன மிஞ்சும்? விருந்து போச்சு, பணம் திரும்பாது, சில இடங்களில் பத்து, பதினோரு மணிக்குக் கதவையும் சாத்திவிடுவார்கள். 'காசு பிடித்த கேடு' அவர் எழுதியது. மதியமே வந்து, குளித்து, யுகாதா எனும் பருத்தி அங்கியை உடுத்தித் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் எழுதியது மற்றொன்று.

அதனால் ரியோகானுக்குப் போகும் நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டணம் அறைக்கு இவ்வளவு என்று இருக்காது, பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும் என்பதையும் முன்பதிவின்போது மறந்துவிட வேண்டாம். திரையில் பார்த்த விலையை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தனி விகிதம் இருக்கும்.

இனி அம்மாவின் சாப்பாடு. நான் இரவு உணவு வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம் தாஷி என்ற சாறு. கடற்பாசியையும், உலர்த்திப் புகையூட்டிச் சீவிய கட்சுவோ மீனையும் கொண்டு செய்வது. மிசோ சூப், வேகவைத்த காய், டோஃபு எனும் சோயாப்பால் கட்டி, நூடுல்ஸ் குழம்பு என ஏறக்குறைய எல்லாப் பதார்த்தத்திலும் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு விடுதியில் "சைவம்" என்று தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். தட்டில் பூசணி, கத்தரி, இளமூங்கில். கறி இல்லை, மீன் இல்லை. பாதி சாப்பிட்ட பிறகு சந்தேகம் வந்து கேட்டேன். "எல்லாம் காய்கறிதான், மீன் இல்லை, தாஷி மட்டும்தான்" என்றார் அந்தப் பெண், மிகுந்த கனிவோடு. அவர் ஏமாற்றவில்லை. சாற்றில் ஊறியதை மீன் சாப்பிடுவதாக அவர்கள் எண்ணுவதே இல்லை.

ஆகவே 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். "மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம், கட்சுவோ தாஷியும் வேண்டாம், கொம்பு தாஷி மட்டும் சரி" என்று நான்கு துண்டாக எழுதி, முன்பதிவுக்கு முன்பே அனுப்புங்கள். கொம்பு என்பது கடற்பாசி. முட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடியாது என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம், அது நேர்மையான பதில். "முயல்கிறோம்" என்று வந்தால்தான் நான் யோசிப்பேன். ஒத்துக்கொள்ளாத இடத்திலும் சுதோமாரி என்று கேட்டுப் பாருங்கள். உணவில்லாமல் தங்க மட்டும் என்று பொருள். விலை நன்றாக இறங்கும். பாய், குளியல், தோட்டம் எல்லாம் அப்படியே கிடைக்கும். மகள் கேட்டதும் அதைத்தானே!

கியோட்டோ உங்கள் அம்மாவுக்கு ஒரு விதத்தில் நல்ல ஊர். 794 முதல் 1868 வரை தலைநகராக இருந்த இந்த நகரில் புத்த மடங்கள் ஏராளம். துறவிகளுக்கென்று வளர்ந்த ஷோஜின் ரியோரி என்ற சமையல் முறை இங்கே உயிரோடு இருக்கிறது. மீன் இல்லை, முட்டை இல்லை, மரபுப்படி வெங்காயம் பூண்டுகூட இல்லை. டோஃபு, யூபா எனப்படும் சோயாப்பால் ஆடை, எள், பருவக் காய்கள். ஒரு மதியம் இந்தச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யுங்கள். மடங்களே நடத்தும் தங்குமிடங்களும் உண்டு, ஷுகுபோ என்பார்கள். சியோன்-இன், சிஷகு-இன் போன்ற பெரிய கோயில்களை ஒட்டி இருப்பவை குடிசையும் அல்ல, கடும் தவமும் அல்ல. சுத்தமான விடுதிகள்தான், விடியற்காலை வழிபாட்டில் போய் உட்காரலாம். ரியோகானுக்குப் பதில் இதை எடுத்தாலும் எனக்குச் சம்மதமே. சொல்லப்போனால், விடிகாலையில் எழுந்து பழகிய அம்மாவுக்கு இது இன்னும் பொருந்தலாம்.

முழங்கால் விஷயம். படுப்பதில் சிரமம் இல்லை, எழுவதில்தான். மெத்தை தரையோடு இருக்கும். இரவில் இரண்டு முறை கழிப்பறைக்கு எழ வேண்டுமென்றால் பிடித்து எழ எதுவும் இருக்காது. வயோஷிட்சு என்று கேளுங்கள்: ஒரு பக்கம் தாத்தாமி பாய், மறுபக்கம் இரண்டு கட்டில். அம்மாவுக்குக் கட்டில், மகளுக்குப் பாய், சண்டை தீர்ந்தது. சாப்பிடும் மேசையும் தரையோடு இருக்கும் என்பதால் உயரமான நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். வயதானவர்கள் அங்கும் நிறைய, பல இடங்களில் தயாராக வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். பழைய மரக் கட்டடங்களில் பெரும்பாலும் கிடையாது, அப்போது தரைத்தள அறையைக் கேளுங்கள்.

அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். கியோட்டோப் பாய் மற்ற ஊர்ப் பாயைவிடச் சற்றுப் பெரிது, ஏறக்குறைய 191-க்கு 95.5 சென்டிமீட்டர். எட்டுப் பாய் அறை என்றால் பதினான்கரை சதுர மீட்டர். நான்கு பேர் படுத்தால் பெட்டி வைக்க இடம் இருக்காது, பத்துப் பாயாவது வேண்டும். பாய்மேல் ஸ்லிப்பர் போடக்கூடாது, சக்கரப் பெட்டியை உருட்டவும் கூடாது. கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர் உண்டு. அதோடு வெளியே வந்துவிடுவது நம்மவர்கள் தவறாமல் செய்கிற காரியம், நானும் செய்திருக்கிறேன். யுகாதாவை இடப்பக்கம் மேலே வருமாறு உடுத்துங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

குளியலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போனதும் அம்மா கேட்பார். தொட்டியில் நிரப்பிய வெந்நீரை ஒருவர் மாற்றி ஒருவர் பயன்படுத்துவார்கள், நடுவில் தண்ணீரைத் திறந்துவிட மாட்டார்கள். ஒருவர் குளித்த தண்ணீரா என்று முகம் சுளிக்க வேண்டாம். சோப்பு, தலைமுழுக்கு எல்லாம் வெளியே குட்டி முக்காலியில் உட்கார்ந்து முடித்துவிட்டு, சுத்தமான உடம்போடு ஊறுவதற்கு மட்டும்தான் தொட்டி. பொதுக் குளியலறையில் ஆண், பெண் தனித்தனி, ஆனால் உடை எதுவும் கூடாது. கூச்சமாக இருந்தால் குடும்பத்துக்கென்று முக்கால் மணி நேரம் ஒதுக்கித் தரும் தனிக் குளியலறை உள்ள இடமாகப் பாருங்கள். இன்னொன்று: கியோட்டோ நகரின் நடுப்பகுதி வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர் போனதல்ல. பல ரியோகான்களில் தொட்டி அருமையான மரத் தொட்டியாக இருக்கும், தண்ணீர் சாதாரணத் தண்ணீர்தான். ஊற்று நீர் வேண்டுமென்றால் மேற்கே அரஷியாமா பக்கம் போக வேண்டும்.

மற்ற நான்கு இரவுக்கான ஹோட்டலுக்கு வருவோம். கரசுமா-ஒய்க்கே அல்லது ஷிஜோ நிலையங்களில் இருந்து ஐந்து நிமிட நடையில் எடுங்கள். கியோட்டோவில் சுரங்க ரயில் தடங்கள் இரண்டே இரண்டு. தெற்கு வடக்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடம் கரசுமா-ஒய்க்கே. செர்ரி பூக்கும் இந்தக் காலத்தில் நகரப் பேருந்துகள் பிதுங்கும். அம்மாவை நிற்கவைத்துக் கூட்டிப்போக முடியாது. கியோன், ஹிகஷியாமா பகுதிகள் படத்தில் பார்ப்பது போலவே அழகு, ஆனால் சரிவும் கல்படியும் அதிகம், சில சந்துகளில் டாக்ஸி வராது. அங்கே பகலில் போய்ப் பாருங்கள், தங்க வேண்டாம். ரயில் நிலையத்தின் அருகே எடுத்தால் வசதி, ஆனால் மாலையில் உலாவ ஒன்றும் இல்லை. அரஷியாமாவில் கடைகள் சீக்கிரமே மூடிவிடும், எனினும் கூட்டம் வருமுன் விடியலில் மூங்கில் காட்டுக்குள் நடக்கிற பேறு அங்கே தங்கியவர்களுக்கே.

அறை எடுக்கும்போது 'செமி டபிள்' என்று இருந்தால் உஷார். இருவருக்கு என்று போட்டிருப்பார்கள், கட்டில் அகலம் பெரும்பாலும் 120 சென்டிமீட்டர்தான். 'ட்வின்', அதாவது இரண்டு தனிக் கட்டில், என்று பார்த்து எடுங்கள். நான்கு பேருக்கு ஒரே அறை அரிது. இரண்டு ட்வின் எடுத்து, அடுத்தடுத்த அறைகளாகத் தரும்படி எழுதிவிடுங்கள். "ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்" என்ற புலம்பலைப் பல விமர்சனங்களில் படித்திருப்பீர்கள். நெருக்கமாகக் கட்டிய ஊர்; போதாததற்கு 2007-இல் மையப் பகுதியின் உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தார்கள், மலைகள் மறையாமல் இருக்க. மேலே ஏறித் தப்பிக்க வழியில்லை. அறையில் இருக்கப்போவது இரவில்தான் என்பதால் இதைக் குறையாக நான் எண்ணுவதில்லை.

மாச்சியா எனும் பழைய மரவீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். முகப்பு ஒடுங்கி உள்ளே நீளும் வீடு, அதை 'விலாங்கு மீனின் படுக்கை' என்றே அழைக்கிறார்கள். நடுவில் சின்ன முற்றத் தோட்டம். எனக்கு மிகப் பிடித்த தங்குமிடம் அதுதான். உங்களுக்கு வேண்டாம். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து, ஏப்ரல் இரவுகளில் குளிர் மரச்சுவர் வழியே உள்ளே வரும், குழந்தை ஓடினால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்கும்.

பணத்தில் இன்னும் ஒரு வரி: நகராட்சி தங்கும் வரி. 2026 மார்ச் 1 முதல் கூட்டியிருக்கிறார்கள். தலைக்கு ஓர் இரவுக் கட்டணம் 6,000 யென்னுக்குக் கீழே என்றால் 200 யென், 20,000-க்குக் கீழே 400, 50,000-க்குக் கீழே 1,000. அதற்கு மேலே 4,000, ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10,000. பெரும்பாலும் விடுதியிலேயே தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிப்ஸ் வேண்டாம், எதிர்பார்க்க மாட்டார்கள்.

ரியோகானுக்கு மாறும் நாளில் பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஹோட்டல் வரவேற்பில் டக்யூபின் என்று சொன்னால் சீட்டு எழுதி, அடுத்து நீங்கள் போகும் ஊரின் ஹோட்டலுக்கே அனுப்பிவிடுவார்கள், பெட்டிக்கு இரண்டு, மூன்றாயிரம் யென் ஆகும். பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். ஓர் இரவுக்கு வேண்டிய துணியைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரியோகானில் யுகாதாவும் துண்டும் பல் தேய்க்கும் பிரஷும் தருவார்கள்.

கடைசியாக, ஊரிலிருந்து குட்டி ரைஸ் குக்கரைக் கட்டி எடுத்துவரும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பல விடுதிகளில் அறையில் சமைக்க அனுமதி இல்லை. அனுமதித்தாலும் அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் ஐந்தில் ஒரு பங்கு சூட்டில் மணிக்கணக்கில் திணறும், அரிசி வேகாது. மூலைக்கடை ஒவ்வொன்றிலும் வேகவைத்த வெறும் சோறு டப்பாவில் கிடைக்கிறது, கடையிலேயே மைக்ரோவேவில் சூடுபண்ணிக்கொள்ளலாம். பக்கத்து அலமாரியில் சர்க்கரை சேர்க்காத தயிர், பெரிய டப்பாவில். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். உப்பு ஒரு பொட்டலம், வறுத்து அரைத்த பருப்புப் பொடி ஒரு டப்பா போதும். பூத்த மரங்களின் கீழே நாளெல்லாம் நடந்துவிட்டு வந்த இரவில் அம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக் கட்டிலில் காலை நீட்டிக்கொள்ளலாம்.