ஆட்டோகோரிலேட்டரில் தெரியும் கூர்முனை: துடிப்பின் அகலம் அதுதானா?

கேள்வி: எங்கள் டைட்டானியம்-சபையர் லேசரின் மைய அலைநீளம் 800 நானோமீட்டர், நிறமாலை அகலம் 30 நானோமீட்டர். துடிப்பை அதன் நகலோடே வெவ்வேறு தாமதங்களில் சேர்த்து அளக்கும் ஆட்டோகோரிலேஷன் வளைவில் அகலமான மேடும், அதன் உச்சியில் 35 ஃபெம்டோநொடி அகலமுள்ள கூர்முனையும் தெரிகின்றன. செக்-வர்க்க (sech²) வடிவத் துடிப்புக்குரிய 1.54-ஆல் வகுத்து, துடிப்பின் அகலம் 23 ஃபெம்டோநொடி என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். உங்கள் நிறமாலை அகலம் ஏறத்தாழ 14 டெராஹெர்ட்ஸ். செக்-வர்க்க வடிவத் துடிப்பென்றால் அந்த வடிவத்துக்குரிய மாறிலி 0.315-ஐ அதனால் வகுக்க வேண்டும், இந்த நிறமாலை தரக்கூடிய மிகக் குறுகிய அகலமாக 22.4 ஃபெம்டோநொடி வரும். உங்கள் 23 அதனோடு ஒட்டிப்போவதுதான் ஏமாற்றுகிறது. துடிப்புக்குத் துடிப்பு வடிவம் மாறிக்கொண்டிருந்தால், கூர்முனை காட்டுவது ஒத்திசைவு நேரத்தை (ஒளி அலை தன் ஒழுங்கைத் தக்கவைக்கும் நேரத்தை) மட்டுமே. அது நிறமாலை அகலத்திலிருந்தே வந்துவிடும், துடிப்பு எவ்வளவு நீண்டிருந்தாலும் சரி. அப்போது உண்மையான நீளத்தைச் சொல்வது மேடுதான். பின்னணியற்ற அமைப்பில் (இரு கற்றைகளும் சேர்ந்தால் மட்டுமே சமிக்ஞை வரும் அமைப்பில்) மேடு உச்சியின் பாதி உயரத்துக்கு நின்றால், சந்தேகம் மிக வலுவானது.

முதலில் கருவியைச் சோதியுங்கள். ஒரு கற்றையின் தாமதத்தை மாற்றும் ஆடி 10 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் ஒளிப்பாதை 20 மைக்ரோமீட்டர் மாறும், அதாவது 66.7 ஃபெம்டோநொடி. இந்த இரண்டால் பெருக்கலை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு கற்றையை மறைத்தால் சமிக்ஞை மறைய வேண்டும். உள்ளே வரும் திறனைப் பாதியாக்கினால் கால்பங்காக வேண்டும். வளைவு இருபுறமும் சமச்சீராக இல்லையென்றால் ஒளிச்சீரமைப்பு தவறு. 800 நானோமீட்டர் ஒளியை 400 ஆக்கும் பிபிஓ (BBO) படிகம் 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மாற்றிவிடுங்கள்: 800-க்கும் 400-க்கும் இடையே அதில் மில்லிமீட்டருக்குச் சுமார் 190 ஃபெம்டோநொடி நேர விலகல் ஏற்படும், உங்கள் நிறமாலை முழுவதன் அதிர்வெண்ணையும் அது இரட்டிப்பாக்காது. 100 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ வேண்டும்.

வழியிலுள்ள லென்ஸ், பிரிப்பான் கண்ணாடிகளையும் கணக்கிடுங்கள். 30 ஃபெம்டோநொடி காஸியன் துடிப்பு 10 மில்லிமீட்டர் பிகே7 கண்ணாடியைக் கடந்தால் ஏறத்தாழ 51 ஆகிவிடும். ஆனால் இப்படி விரிந்த வளைவு வழவழப்பாகவே இருக்கும். கூர்முனைக்குக் கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்குப் பிறகும் கூர்முனை நின்றால், ஆட்டோகோரிலேஷனால் மேற்கொண்டு எதையும் தீர்க்க முடியாது. நிலையான துடிப்புக்கு முன்பின் துணைத்துடிப்புகள் இருந்தாலும் மேடு வரலாம். நிலையற்ற துடிப்பா, துணைத்துடிப்பா என்று பிரித்தறிய, ஒவ்வொரு தாமதத்திலும் இரண்டாம் ஹார்மோனிக்கின் (அதிர்வெண் இரட்டிப்பான ஒளியின்) நிறமாலையைப் பதிவுசெய்யும் ஃபிராக் (FROG) அளவீட்டைச் செய்யுங்கள். அதிலிருந்து கணக்கிட்டு மீட்டெடுத்த வரைபடம் அளந்ததோடு பொருந்தாமலே நின்றால், துடிப்புகள் நிலையற்றவை என்பதற்கு அது நல்ல அடையாளம். பொருந்தினாலும் காலத்தின் திசை தெரியாது. துடிப்பின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று இந்த முறை சொல்லாது. 5 மில்லிமீட்டர் உருக்கிய சிலிக்கா (fused silica) தகட்டைக் கற்றையில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அது சேர்க்கும் சிதறல் (அலைநீளங்களுக்கிடையே தாமதம் வேறுபடும் அளவு) ஏறத்தாழ 180 ஃபெம்டோநொடி வர்க்கம். சரியான திசையில் மட்டுமே கணக்கு ஒத்துவரும்.